செலவே செய்யாத வீடுகள்

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்காக வீட்டு எரிசக்தித் தரவுகளைச் சரிபார்த்துத் தொகுக்கும் வேலையைச் சென்னைப் பெருங்குடியில் உள்ள ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அங்கே ஒரு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டுமானால், அதன் எரிசக்தித் திறனை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரம் பிரித்துச் சொல்லும், பத்து ஆண்டுகள் செல்லுபடியாகும் சான்று ஒன்று வேண்டும். சுவர் இடைவெளி விட்டு எழுப்பிய இரட்டைச் சுவரா அல்லது நூறாண்டுக்கு முந்தைய திண்சுவரா, வெப்பம் வெளியேறாமலிருக்கப் பரணில் விரித்த பஞ்சுக் காப்பு பரிந்துரைக்கப்படும் 270 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கிறதா, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எவ்வளவு பழையது என்பவற்றையெல்லாம் மதிப்பீட்டாளர்களின் படங்களையும் குறிப்புகளையும் கொண்டு நாங்கள் பதிவு செய்கிறோம். 1995ஆம் ஆண்டின் வீட்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, தங்கள் எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் திறனை உயர்த்த என்ன செய்யப்போகிறோம் என்று அந்த மன்றங்கள் அரசுக்கு அறிக்கை தரவேண்டும். எங்கள் பதிவுகள் அத்தகைய அறிக்கைகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

ஒருமுறை, சுவருக்கும் பரணுக்கும் வெப்பக் காப்பு போடப்பட்ட வீடுகளின் எரிவாயு, மின்கட்டணங்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டுத் தரும்படி ஒரு மன்றம் கேட்டது. வசதியுள்ள குடும்பங்களின் கட்டணம் எதிர்பார்த்தபடியே குறைந்திருந்தது. மிக ஏழைக் குடும்பங்களின் கட்டணமோ அசையவே இல்லை. சில வீடுகளில் சற்றுக் கூடவும் செய்திருந்தது. அந்த வீடுகளில் போட்ட பணம் வீண் என்று கலந்தாய்வில் சிலர் கருதினார்கள். ஆனால் அதே வீடுகளைப் பற்றி, வேலை தொடங்கும் முன் எழுதப்பட்ட களக்குறிப்புகள் வேறொன்றைச் சொல்லின. ‘ஓர் அறையில் மட்டும் ஹீட்டர்’, ‘மாலையிலேயே போர்வைக்குள் போய்விடுகிறார்’, ‘முன்பண மீட்டர், வாரக் கடைசியில் பணம் இல்லை’ என்று அவற்றில் எழுதியிருந்தது. முன்பண மீட்டரில் போட்ட பணம் தீர்ந்தால், அவசரக் கடனாகக் கிடைக்கும் சிறு தொகையும் கரைந்ததும், எரிவாயு தானாக நின்றுவிடும். யாரும் வந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டியதில்லை, எந்தப் பதிவேட்டிலும் அது துண்டிப்பாக ஏறாது. இந்தக் குடும்பங்கள் முன்பு தேவையான செலவைச் செய்யாமல் குளிரில் இருந்தவை. காப்பு போட்ட பிறகு அதே பணத்துக்கு அவர்களுடைய வீடு சூடானது. சேமிப்பு அவர்கள் உடம்புக்குப் போனதால் கட்டணச் சீட்டில் தெரியவில்லை. தட்டில் சோற்றின் அளவை மட்டும் பார்த்து, பசி ஆறியதா என்று கேட்காமலே கணக்கெழுதுவது போன்ற பிழைதான் அந்தக் கலந்தாய்வில் நடக்க இருந்தது.

வீட்டைப் போதிய அளவு சூடாக்கச் செலவழிக்க முடியாத நிலையை எரிபொருள் வறுமை என்கிறார்கள். அதற்கு அந்த நாடு வைத்திருக்கும் வரையறை இதை நன்றாகவே உணர்ந்த ஒன்று. ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு செலவழித்தது என்று அது பார்ப்பதில்லை. கூடத்தை 21 டிகிரியிலும் மற்ற அறைகளை 18 டிகிரியிலும் வைத்திருக்க எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதையே பார்க்கிறது. 2021 முதல் இங்கிலாந்தில், வீட்டின் தரம் ‘டி’ அல்லது அதற்குக் கீழாக இருந்து, அந்தத் தேவைச் செலவும் வீட்டு வாடகை அல்லது வீட்டுக்கடன் செலவும் போக மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனால், அந்தக் குடும்பம் எரிபொருள் வறுமையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. எரிசக்தி நிறுவனங்களின் செலவில் நடக்கும் திட்டங்களுக்கு வீடுகளைப் பரிந்துரைக்கும் அதிகாரமும் மன்றங்களுக்குத் தரப்பட்டது. 2022இல் வந்த விதிகளின்படி, குளிரால் நோய் முற்றுகிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலே ஒரு குடும்பத்தைச் சேர்க்க வழி இருந்தது. நான் பார்த்த ஏற்பாடுகளிலேயே மிகவும் மதிப்பது இதைத்தான். மீட்டர் சொல்லாததை மருத்துவர் சொல்ல முடிந்தது.

இதே கண்ணோடு பார்க்கத் தொடங்கிய பிறகு நம் ஊரின் கணக்கும் எனக்கு வேறாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் 75 வாட் இழுக்கும் சாதாரண மின்விசிறி ஒன்று இரவும் பகலும் ஓடினால் 60 நாளில் 108 யூனிட் ஆகிவிடும். எங்கள் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில், மொட்டை மாடிக்கு நேர் கீழே எட்டாவது அடுக்கில் வசிக்கிறார். மே மாதத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டபோது, “ஃபேன் போட்டா மேல இருந்து அனல்தான் சார் இறங்குது. அத ஓட்டி நூறு யூனிட்டத் தாண்டி எதுக்குக் காசு கட்டணும்? நாங்க வராண்டாவுலயே பாய் போட்டுப் படுத்துக்குவோம்” என்றார். எந்த மின் கணக்கிலும் அவருடைய வீடு சிக்கனமான வீடு. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவெல்லாம் அதை அறைக்குள் இறக்குகிறது என்பதும், வயதான அவருடைய தாய் அந்த அறையை விட்டு நகர முடியாதவர் என்பதும் எந்த யூனிட்டிலும் பதிவாகவில்லை.

இதற்கான மருந்துகள் புதியவை அல்ல. மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ பதிக்கலாம். மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் பொருத்திய, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி கொடுத்தால் அதே 60 நாளில் 43 யூனிட்தான் செலவாகும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது என்றாலும், அது புதிய கட்டடங்களுக்கானது; ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களின் தலைக்கு மேல் இருக்கும் தளத்தை அது தொடாது. 2023இல் வெளியான சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் கட்டடங்களின் எரிசக்தியையும் எளிதில் பாதிக்கப்படும் மக்களின் உடல்நலத்தையும் தனித்தனித் தலைப்புகளாக வைத்திருக்கிறது. மேல்தள வீடுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் கூரைகளில் வெள்ளைப் பூச்சு அடிக்கும் பொறியாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். பூச்சுக்கு முந்தைய கோடையிலும் பிந்தைய கோடையிலும், சித்திரை வைகாசியில், மேல்தள வீடுகளின் படுக்கும் அறையில் இரவு பத்து மணிக்கு வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். வராண்டாவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். மின்கட்டணம் குறையவில்லை, கூடிவிட்டது என்றுகூட முதல் ஆண்டு அறிக்கை சொல்லலாம். அறைக்குள் வந்து படுத்தவர்கள் மின்விசிறியை ஓட்டத்தான் செய்வார்கள். அந்த ஒரு வரியைக் காட்டி அடுத்த அடுக்ககத்துக்கான நிதியை யாரும் நிறுத்திவிடாமலிருக்க, இந்தக் குறிப்புகள் இப்போதே கையில் இருக்கவேண்டும்.