கொம்பு இல்லாத எழுத்து

நவம்பர் 23 ஜப்பானில் அரசு விடுமுறை. 1948இல் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘உழைப்புக்கு நன்றி கூறும் நாள்’. அதற்கு முன்பு அது நீநாமே சாய், பேரரசர் புது அரிசியைத் தெய்வங்களுக்குப் படைக்கிற நாள். அரண்மனையில் அந்தப் படையல் இன்றும் நடக்கிறது. பெயர்தான் அலுவலகத்துக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி மாறிவிட்டது.

என் உழைப்புக்கு நன்றி சொல்ல வீட்டில் யாரும் இல்லை. கணவரும் மகனும் காலையிலேயே ஆற்றங்கரை மைதானத்துக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சரி, நாமும் கிளம்புவோம் என்று புளியோதரையைச் சின்ன டப்பாவில் அடைத்துக்கொண்டு டோக்கியோவில் எங்கள் பேட்டையான நிஷி கசாயில் தோசாய் மெட்ரோ ஏறினேன். அரை மணி நேரத்தில் வசேதா. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் டிராம் நிறுத்தம்.

டோக்கியோவில் ஒரு காலத்தில் மாநகர அரசின் டிராம் தடங்கள் 40க்கும் மேல் ஓடின. கார்கள் பெருகியதும் 1972க்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தப்பித்தது இந்த அரகாவா தடம் மட்டும். பெரும்பகுதி தனக்கென்று தனித் தண்டவாளம் இருந்ததால் சாலையில் காருக்கு இடைஞ்சலாக இல்லை, அதனால் விட்டுவைத்தார்கள். மொத்தம் 12.2 கிலோமீட்டர், ஒற்றைப் பெட்டி. எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அன்று என் அட்டையில் 168 யென் போனது. கிளம்பும்போது ‘சின் சின்’ என்று மணி அடிக்கும். பழைய ஆட்கள் இதைச் சின்சின் தென்ஷா என்றே சொல்வார்கள். வீடுகளின் புழக்கடையை உரசிக்கொண்டு போவதால் காயப் போட்ட துணி, தொட்டிச்செடி, ஜன்னலில் தூங்கும் பூனை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் போகும்போது ஒரு பூனையைக்கூடப் பார்த்ததில்லை.

மூன்றாவது நிறுத்தம் கிஷிபோஜின்மயே. இறங்கி, ஓங்கி வளர்ந்த கெயாகி மரங்களுக்கு இடையே நடந்தால் கிஷிமோஜின் என்ற பெண் தெய்வத்தின் கோயில். இதற்கு முன் வசந்த காலத்தில் மகனோடு வந்திருக்கிறேன். அப்போது அவன் கோயில் பெயரை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அம்மா, எழுத்தைத் தப்பா எழுதியிருக்காங்க” என்றான். அந்தப் பெயரில் வரும், பேய் என்பதற்கான கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு வரவேண்டும். இங்கே அது இல்லை. தப்பில்லை, வேண்டுமென்றே விட்டதுதான். அந்தக் கோடு கொம்பு. இந்தப் பேய் கொம்பை உதிர்த்துவிட்டாள்.

அவள் நம் பக்கத்துக்காரிதான். இந்தியக் கதையில் அவள் பெயர் ஹாரிதி, மகதத்து ராஜகிருகத்தில் ஊரார் பிள்ளைகளைப் பிடித்துத் தின்றவள். அவளுக்குப் பிள்ளைகள் 500 என்றும் 1000 என்றும் கதைக்குக் கதை மாறும். கடைசிப் பிள்ளையைப் புத்தர் தன் பிச்சைப் பாத்திரத்துக்குள் ஒளித்துவைக்க, இவள் உலகமெல்லாம் தேடி அழுது அவரிடமே வந்து நிற்கிறாள். ‘இத்தனை பிள்ளைகளில் ஒன்று போனதற்கே இப்படி என்றால், ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு?’ என்கிறார். அன்றிலிருந்து அவள் குழந்தைகளின் காவல். இந்தியாவில் அவளைத் தெரிந்தவர்கள் அநேகமாகச் சிலை ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும்தான். இங்கேயோ 1664இல் கட்டிய மண்டபத்தில் குடியிருக்கிறாள், கைக்குழந்தையோடு அம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நேர்ச்சைப் பலகைகளில் அவளுக்குரிய மாதுளம்பழம். எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சியம்மன் நினைவு வந்தது. மடியில் ஒருத்தியின் வயிற்றைக் கிழித்தபடி, கையில் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிற அதே பேச்சி. பிள்ளை பெற்றவள் முதலில் போய் நிற்பது அவளிடம்தான். எங்கள் ஊரில் யாரும் அவள் கொம்பைக் கழற்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்தில் 600 ஆண்டுகளைத் தாண்டிய இச்சோ (ஜின்கோ) மரம், பாதி மஞ்சள் பாதி பச்சையாக நின்றது. இதுவும் பிள்ளை வரம் தரும் மரமாம். புளியோதரையை வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். பெருங்காய வாசனை பரவிவிடுமோ என்று முதல் இரண்டு வாய்க்குக் கூச்சமாக இருந்தது, பிறகு போய்விட்டது. கோயில் வளாகத்திலேயே 1781இல் தொடங்கிய மிட்டாய்க் கடை ஒன்று உண்டு. மகனுக்குச் சில்லறைக் காசில் ஒரு கை மிட்டாய் வாங்கிக்கொண்டேன். மிட்டாய்த் தாளைப் போடக் குப்பைத்தொட்டி எங்கும் கிடையாது. ஜப்பானில் அவரவர் குப்பை அவரவர் பையில்.

அப்புறம் ஸோஷிகயா கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்னின் கல்லறையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். 1850இல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு, 1890இல் ஜப்பான் வந்தவர். செத்சு என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். 1896இல் குடியுரிமை பெற்று, மனைவி வீட்டுப் பெயரான கொய்சுமியைச் சூட்டிக்கொண்டார். கல்லில் கொய்சுமி யாகுமோ என்றுதான் இருக்கிறது. ஹெர்னைத் தேடி வருபவர் சற்றுத் திணறவேண்டும். நானும் திணறினேன்.

எங்களுக்கும் இங்கே பத்து வருடம் ஆகிவிட்டது, இனி நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அதன்மேல் ஊறுகாய்ப் பாட்டில் வைத்த வட்டம்கூட விழுந்துவிட்டது. கணவர் கேட்கும்போதெல்லாம், “இந்த வாரம் பார்க்கலாம்” என்கிறேன். அந்தக் கல்லின் முன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

நாலரைக்கே சூரியன் போய்விட்டது. நவம்பரில் மத்தியானம் என்பதே கொஞ்சம்தான். டிராம் நிறுத்தத்தில் நின்றபோது செய்தி வந்தது: “தோத்துட்டோம். மாவு இருக்கா?” இருக்கிறது, தோசை என்று பதில் போட்டுவிட்டு ஏறினேன். சட்டினிக்குத் தேங்காய்த்தூள் தீர்ந்துபோனது நிஷி கசாய் வந்து இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.