பதினோராம் தொட்டி: ஒரு கான்கார்ட் துணை விமானியின் நாட்குறிப்பு

14 ஜனவரி 1999, ஃபில்டன்

இன்றும் சிமுலேட்டரில் நான்கு மணி நேரம். மாக் 2 வேகத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தபோது பயிற்றுநர் மூன்றாம் என்ஜினில் 'சர்ஜ்', அதாவது காற்றோட்டக் குலைவு, கொடுத்தார். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் வரும் காற்றை, என்ஜினுக்கு முன்னால் சில மீட்டர் நீளமே உள்ள காற்று உள்வாய்க்குள் நகரும் தகடுகள் ஒலியின் பாதி வேகத்துக்குக் குறைத்து என்ஜினிடம் ஒப்படைக்கின்றன. அந்த ஒழுங்கு குலைந்தால் பீரங்கி வெடித்தது போன்ற சத்தம் கேட்கும், பக்கத்து என்ஜினும் கூடவே குலையும். என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் நான்கு த்ராட்டில்களையும் ஒருசேரப் பின்னுக்கு இழுத்தேன். அதுவரை சரி. வேகம் குறையக் குறைய இறக்கையின் ஏற்றுவிசை மையம் முன்னால் நகரும் என்பதையும், வாலில் கிடக்கும் எரிபொருளை அதற்கு ஈடாக முன்னால் கொண்டுவர வேண்டும் என்பதையும் மறந்துவிட்டேன். பின்னாலிருந்த விமானப் பொறியாளர் நான் கேட்பதற்காகக் காத்திருந்தார், நான் கேட்கவில்லை. "வேகத்தை விடுங்கள், எடை இப்போது எங்கே இருக்கிறது?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

ஜம்போவில் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு வந்தவனுக்கு இந்தக் கேள்வி புதிது. அங்கே எரிபொருள் என்பது எரிப்பதற்கு. இங்கே அதுவே விமானத்தின் சமநிலைக் கருவியும் ஆகும். 13 தொட்டிகளில் சுமார் 95 டன். பயணிகள் நூறு பேரும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்தாலும் பத்து டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

9 பிப்ரவரி

பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் முதல் முறையாக இறங்கினேன். இதன் முக்கோண டெல்டா இறக்கையில், மெதுவான வேகத்தில் ஏற்றுவிசையைக் கூட்டும் ஃபிளாப் மடிப்புகள் கிடையாது. மெதுவாகப் பறக்க வேண்டுமானால் மூக்கைத் தூக்கித்தான் ஆக வேண்டும். மூக்கைத் தூக்கினால் ரன்வே தெரியாது என்பதால் மூக்கின் முன்பகுதியையே பன்னிரண்டரை டிகிரி கீழே சாய்த்துவிடுகிறார்கள். இறங்கும்போது வேகம் சுமார் 160 நாட் (மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர்) இருக்கும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் காற்றின் இழுவை கூடி இன்னும் குறையும், ஆகவே ஆட்டோ த்ராட்டில் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. பின்சக்கரங்கள் தரையைத் தொடும் நேரத்தில் என் கண்கள் ஏறத்தாழ 11 மீட்டர் உயரத்தில் இருந்தன. "தொட்டாயிற்று" என்று கேப்டன் சொன்னபோது இன்னும் இறங்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

12 மார்ச், ஹீத்ரோ – நியூயார்க்

பயணிகளோடு முதல் பயணம். லண்டனில் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு கிளம்பினோம். "மூன்று, இரண்டு, ஒன்று, இப்போது" என்று கேப்டன் த்ராட்டில்களை முழுக்கத் தள்ள, என்ஜின் வெளிவாயுவில் மேலும் எரிபொருளை எரித்துக் கூடுதல் உந்துவிசை தரும் நான்கு ரீஹீட்களும் பற்றிக்கொண்டன. இருக்கை முதுகில் அறைந்தது. முன்கூட்டியே கணக்கிட்ட விநாடியில், கீழே தூங்கப்போகும் ஊர்களுக்காக, அவற்றை அணைத்தோம்.

நிலத்தின்மேல் ஒலியைத் தாண்ட அனுமதியில்லை. பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி வரை மாக் 0.95 வேகத்தில் போய், கடல் வந்ததும் ரீஹீட்களை மறுபடி ஏற்றினோம். உள்ளே உள்ள இரண்டு முதலில், வெளியே உள்ள இரண்டு அடுத்து. யாரோ தோளில் கை வைத்து இருமுறை மெல்லத் தள்ளியது போல இருந்தது. ஒலியின் வேகத்தைக் கடந்த கணத்தை நான் உடம்பில் உணரவே இல்லை. அதிர்வலை, வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் துளைகளைத் தாண்டிப் போனபோது உயரமானியின் முள் ஒரு துடி துடித்து நின்றது, அதுதான் ஒரே அடையாளம்.

அந்த நேரம் முழுவதும் பொறியாளர் தன் பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எரிபொருளைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 20 டன் இடம் மாறுகிறது. அதில் பாதிக்கு மேல் வாலில் உள்ள பதினோராம் தொட்டிக்குப் போகிறது. நான் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஈர்ப்பு மைய எண்ணைப் பார்த்தேன். பார்ப்பதைப் பார்த்து அவர் சிரித்தார். மாக் 1.7 வந்ததும் ரீஹீட்களை அணைத்தோம். அதற்குப் பிறகு விமானம் இலேசாக ஆக ஆகத் தானே மேலே ஏறிக்கொண்டு போகும். உச்சவரம்பு 60,000 அடி.

ஐம்பதாயிரம் அடிக்கு மேலே வானம் கருநீலமாக இருந்தது. மேற்கே ஒரு செங்கோடு தென்பட்டு, அகன்று, அதிலிருந்து சூரியன் எழுந்தது. நாங்கள் பூமியின் சுழற்சியை முந்திக்கொண்டிருந்தோம் என்பது கணக்காக எனக்குத் தெரியும். ஆனாலும் மேற்கில் உதயத்தைப் பார்த்த கண் அதை நம்ப மறுத்தது. ஜன்னல் கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், இதமான சூடு. விமான மூக்கின் நுனியில் 127 டிகிரி செல்சியஸ்வரை அனுமதி. அந்தச் சூட்டில் விமானத்தின் உடலே பதினைந்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும்.

அதைப் பொறியாளர் காட்டினார். தரையில் கத்தி முனைகூட நுழையாத இடத்தில், அவருடைய கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே, ஒரு கை புகும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. எரிபொருள் கணக்கு எழுதிய தாளை அதில் செருகிவைத்துவிட்டு இறங்கும் வேலையில் மூழ்கினேன். எரிபொருளை முன்னுக்குக் கொண்டுவரும்படி இம்முறை நானே கேட்டேன்.

13 மார்ச், நியூயார்க் – ஹீத்ரோ

கென்னடி நிலையத்தின் 31 இடது ரன்வேயிலிருந்து எழும்போது, சத்தத்தை அளக்கும் கருவிகளுக்குத் தப்ப, நிலத்தை விட்ட சில விநாடிகளிலேயே ஜமைக்கா விரிகுடாவின் மேல் இடப்பக்கம் சாய்ந்து திரும்ப வேண்டும். முழு எடை, தாழ்ந்த உயரம், சாய்ந்த இறக்கை: இந்த மூன்றும் ஒன்றாக வரும் இடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. கேப்டன் கைக்கு அது பழகியிருந்தது.

காலையில் காக்பிட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் தாளைத் தேடினேன். இடைவெளி மூடியிருந்தது, தாளின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் கிழியும் போலிருந்தது. "மாக் 2 வரட்டும், தானே கொடுத்துவிடும்" என்றார் பொறியாளர். அட்லாண்டிக்கின் நடுவே அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, பின்பக்கம் திரும்பாமலே என்னிடம் நீட்டினார்.