ட்யூன் செய்த பிறகு ஸ்லோ நிற்காத வண்டி

கோவை சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி மூன்றாவது தடவையாக ஆஃப் ஆனபோது சாயங்காலம் மணி ஆறரை. பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனை விடாமல் அழுத்துகிறது, நான் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அமுக்குகிறேன், உடனே பிடித்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகி வைத்திருக்கும்வரை ஓடுகிறது, கையை எடுத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) 1500-லிருந்து 1100, 900 என்று இறங்கி ஒரு விக்கலோடு அடங்கிவிடுகிறது. இன்ஜினுக்குப் பெட்ரோலையும் பொறியையும் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்தான் ஈசியு; அதிலுள்ள கணக்கு அட்டவணையான மேப்பை மாற்றி எழுதி, அதாவது ரீமேப் செய்து, அன்றோடு பதினோரு நாள்.

காலையில் எடுக்கும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. பத்து கிலோமீட்டர் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இது வரும். சில சமயம் நேர்மாறாக, ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் 2500-லேயே நின்று மெதுவாக இறங்கும். ஆனால் சாலையில் ஓட்டும்போது வண்டி அருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 3000-க்குக் கீழே இருந்த அந்த வெட்டி வெட்டி இழுக்கும் குணம் சுத்தமாகப் போயிருந்தது. நான் ட்யூன் செய்ததே அதற்காகத்தான். பிஎஸ்-4 புகை விதிப்படி வந்த பைக், ஒற்றை சிலிண்டர், காற்று அதிகம் இழுக்கும் ஃபில்டர் மாட்டினேன், அதற்கேற்ற மேப். கேட்டலிடிக் கன்வர்ட்டரில் கை வைக்கவில்லை.

இந்த மாதிரிப் பிரச்சினை வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது "மேப் சரியில்ல, திரும்பக் கொண்டுபோய்க் குடு" என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரம் தேடிப் பார்த்ததில், கோளாறில் பாதி மேப்பில் இருந்தது, மீதிப் பாதி ரப்பரை இறுக்கும் ஒரு கிளாம்ப்பில் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மேப்பை மட்டும் திருத்திக்கொண்டே போயிருந்தால் இன்றைக்கும் அந்தச் சிக்னலில்தான் நின்றிருப்பேன். அதனால்தான் வரிசையாக எழுதுகிறேன்.

டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் மேடை) வண்டியை ஏற்றி மேப் போடும்போது பெரும்பாலும் கவனிக்கப்படுவது ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல் திறந்த பகுதிதான். அங்கே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும், சின்னப் பிழைகள் அதில் கரைந்துவிடும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, அப்படி இல்லை. ஒரு சுற்றுக்கு இன்ஜெக்டர் திறக்கச் சொல்லி வரும் சிக்னலே சுமார் 2 மில்லிசெகண்டுதான், அதிலும் கிட்டத்தட்ட பாதி நேரம் ஊசி மேலெழும்புவதற்கே போய்விடும். மிச்சமிருக்கும் அந்தத் துளியூண்டு நேரத்தில் பத்து சதவீதம் குறைந்தாலும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் தாங்காது. இரண்டு சிலிண்டர், நாலு சிலிண்டர் என்றால் ஒன்று விக்கினாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஒரு வெடிப்பு தவறினால் அடுத்தது வருவதற்குள் கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றியாக வேண்டும்.

எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் முப்பது வருஷமாகக் கார்புரேட்டர் பார்த்தவர், லேப்டாப் பக்கமே போகமாட்டார். வண்டியை அவரிடம் காட்டியபோது, "தம்பி, மேப்பை விடுங்க, ஸ்டாக் மேப்பைத் திரும்ப ஏத்திட்டு வாங்க, அதுலயும் இப்படித்தான் பண்ணுதான்னு மொதல்ல பாப்போம்" என்றார். இதைவிட நல்ல யோசனை எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. ஸ்டாக் மேப் என்பது கம்பெனியிலிருந்து வந்த பழைய ஃபைல்; ட்யூனரிடமிருந்து அதைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தது, ஏற்றினேன். வண்டி ஆஃப் ஆகவில்லை. ஆனால் ஐடில் ஓரிடத்தில் நிற்காமல் 1300-க்கும் 1700-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ட்யூன் செய்வதற்கு முன் அப்படி இருந்ததே இல்லை. அப்படியென்றால், மேப் போட்ட அன்று மேப்பைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் மாறியிருக்கிறது.

அன்று ஃபில்டர் பாக்ஸைக் கழற்றியிருந்தார்கள், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியையும் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டுதான் அண்ணனின் முதல் சந்தேகம். ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து, வண்டி ஓடும்போதே இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு வந்தார். மேலே அடித்தபோது ஒன்றும் இல்லை, இடது பக்கமும் ஒன்றும் இல்லை, வலது பக்கம் அடியில் அடித்ததும் ஆர்பிஎம் சட்டென்று இறங்கியது, ஒரு சின்ன உறிஞ்சும் சத்தம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ரப்பரின் உதடு ஓரிடத்தில் மடிந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் மேலேயே கிளாம்ப்பை முறுக்கியிருக்கிறார்கள். நகம் நுழையும் அளவு இடைவெளி. சிலர் இதே சோதனைக்கு கார்ப் கிளீனர் அடிப்பார்கள், ஆர்பிஎம் ஏறினால் ஓட்டை அங்கேதான் என்று. சூடான சைலன்சர் பைப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

என் வண்டியின் ஈசியு த்ராட்டில் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு என்ற இரண்டை வைத்துத்தான் ஐடிலில் பெட்ரோல் கணக்குப் போடுகிறது. த்ராட்டிலுக்கு அப்பால் திருட்டுத்தனமாக நுழையும் காற்று அந்தக் கணக்கிலேயே வராது. காற்று கூடி, பெட்ரோல் அப்படியே இருந்து, கலவை நீர்த்துப்போகும். 2500-ல் தொங்கி நின்றதற்கும் இந்தக் கூடுதல் காற்றுதான் காரணம். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் வண்டிகளில் இதே ஓட்டை வேறுவிதமாக, ஐடிலே உயர்ந்துவிடுவதாகத் தெரியலாம்.

ரப்பரைக் கழற்றிச் சரியாக உட்கார வைத்தோம். ஸ்டாக் மேப்பில் வண்டி பழையபடி 1500-ல் அசையாமல் நின்றது. சரி, முடிந்தது என்று புது மேப்பை ஏற்றினேன். தொங்கி நிற்பது போய்விட்டது, ஆனால் சூடானதும் சிக்னலில் அதே விக்கல், அதே ஆஃப்.

இந்த இடத்தில் பைசா செலவில்லாத மாதிரி ஒரு சோதனை இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். நம் ஊர் புகைச் சோதனை மையத்தில் பைக்கைப் பரிசோதிப்பதே ஐடிலில்தான். கையில் கொடுக்கும் சீட்டில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று இருக்கும். கார்பன் மோனாக்சைடு அதிகமென்றால் பெட்ரோல் அதிகம். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏகத்துக்கும் ஏறியிருந்தால், எரியாத பெட்ரோல் வெளியே போகிறது என்று அர்த்தம். கலவை பற்றமுடியாத அளவு நீர்த்திருந்தால் அப்படி வரும், பிளக் சரியாகப் பொறி விடாவிட்டாலும் வரும். சைலன்சர் போர்ட்டுக்குள் வெளிக்காற்றை விடும் வால்வு இருந்தால் அதன் ஹோஸைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அளவு எல்லாமே நீர்த்துக் காட்டும். என் சீட்டில் கார்பன் மோனாக்சைடு 0.06 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1100 பிபிஎம். பிளக்கை மாற்றிப் பார்த்தேன், பேட்டரி நின்றபடி 12.6 வோல்ட், ஓடும்போது 14, டேப்பட் இடைவெளியும் சரியாக இருந்தது. மிச்சம் பெட்ரோல்தான்.

ட்யூனரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு தானாகப் பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும் வசதியை, ட்யூன் செய்யும்போது குறுக்கே வராமலிருக்க முழுவதுமாக அணைத்திருந்தார். அது வழக்கம்தான். ஆனால் மேப் போட்ட அன்று என் டேங்கில் இருந்தது எத்தனால் கலக்காத பெட்ரோல்; அதன்பின் நான் பங்கில் அடித்ததெல்லாம் இ20.

எடைக் கணக்கில் சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் கலந்த இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்குக் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். சென்சார் வேலை செய்தால் ஈசியு தானே ஊற்றியிருக்கும். சென்சாரை அணைத்த வண்டிக்கு டேங்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. 2023-க்குப் பிறகு இ20 படிப்படியாக எல்லாப் பெட்ரோல் பங்குகளுக்கும் வந்துவிட்ட நாட்டில், சென்சாரை அணைத்து வைப்பது தெருவில் ஓடும் வண்டிக்குச் சரியான முடிவே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பந்தய மைதானத்தில் ஒரே கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு அது பொருந்தும்.

சைலன்சரில், கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை மாட்டிப் பார்த்தோம். ஓட்டும்போது எல்லாம் சரி. சூடான ஐடிலில் லாம்ப்டா 1.10 (சரியான கலவைக்கு அது 1). தேவைக்கு மேல் பத்து சதவீதம் காற்று, வண்டி விக்காமல் என்ன செய்யும்? ஐடில் கட்டங்களில் பெட்ரோலைக் கூட்டினார், ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் சென்சாரைத் திரும்பவும் ஆன் செய்தார். ஆஃப் ஆவது அங்கேயே நின்றது.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. ஃபேன் ஆன் ஆகும் நொடியில் ஆர்பிஎம் லேசாகத் தடுமாறியது. காரணம் இக்னிஷன் டைமிங்கில், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தில் இருந்தது. ஐடிலில் ஆர்பிஎம் இறங்கினால் ஈசியு முதலில் டைமிங்கை முன்னே தள்ளித்தான் தூக்கும், ஏனென்றால் ஐடில் வால்வு திறந்து காற்று வருவதற்கு நேரமாகும், டைமிங் அடுத்த வெடிப்பிலேயே வேலை செய்யும். அதற்காகவே கம்பெனி மேப்பில் ஐடில் டைமிங்கைக் கொஞ்சம் பின்னே வைத்து, தேவைப்படும்போது தள்ள இடம் விட்டிருப்பார்கள். புது மேப்பில் ஐடிலிலும் 6 டிகிரி முன்னே தள்ளியிருந்ததால் அந்த இடம் தீர்ந்துபோயிருந்தது. ஐடில் பகுதியை மட்டும் ஸ்டாக் டைமிங்குக்கு மாற்றினோம். அப்புறம், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடும்போது ஐடில் வால்வு உடனே மூடாமல் படிப்படியாக மூடும்படியும் கொஞ்சம் நீட்டினார். சிக்னலுக்கு வந்து கிளட்ச் பிடிக்கும்போது ஆர்பிஎம் குப்புற விழாமல் இறங்குவது இதனால்தான்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். த்ராட்டில் பாடியில் பெயின்ட் தடவிய ஒரு சின்ன ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும். ஸ்லோ நிற்கவில்லை என்றால் கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் அதைத் திருகிவிடுவார்கள். அன்றைக்கு வண்டி நிற்கும். ஆனால் த்ராட்டில் மூடியிருக்கிறது என்று ஈசியு தெரிந்துகொள்வதே அந்த நிலையில் சென்சார் தரும் வோல்டேஜை வைத்துத்தான். அது மாறினால், கை எடுத்த பிறகும் ஆக்ஸிலேட்டர் திருகியிருப்பதாகவே ஈசியு நினைக்கும், ஐடில் கட்டுப்பாடே உள்ளே வராது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ த்ராட்டில் பாடியைக் கழற்றினாலோ, ஐடிலை ஈசியு மறுபடி கற்றுக்கொள்ளும் முறை ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொன்று, சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் மேப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

போன வாரம் அதே புகைச் சோதனை மையத்துக்குப் போனேன். வேண்டுமென்றே சிங்காநல்லூர் வழியாகச் சுற்றி, வண்டியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனேன். ஃபேன் ஓடுகிறது, சைலன்சருக்குள் குழாயை விட்டிருக்கிறார்கள், ஆர்பிஎம் 1500-ல் நிற்கிறது. கார்பன் மோனாக்சைடு 0.31, ஹைட்ரோகார்பன் 140. அந்தச் சீட்டை மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டேங்க் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். "ம், நிக்குது" என்றார்.