காலண்டர் தாளின் பின்பக்கம்

"சேலத்துல யாருக்குத்தான் வேர்க்கல?" என்றார் முதல் டாக்டர். போன வருஷம் சித்திரை. எனக்கு 46 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வருகிறது, ஜாக்கெட் நனைந்துவிடுகிறது என்று சொன்னதற்குத்தான் அந்தப் பதில். ஈசிஜி நார்மல். கேஸ் மாத்திரையோடு "டென்ஷனைக் குறைச்சுக்கங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். நானும் நம்பினேன். அம்மாப்பேட்டையில் ஓட்டு வீடு, கோடையில் ஃபேன் அனலைத்தான் இறைக்கும்.

மார்கழியில் தங்கை குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்றால் எதிரே ஒன்றும் தெரியாத பனி. எல்லோரும் சால்வைக்குள் ஒடுங்கியிருக்க, எனக்கு மட்டும் மார்பிலிருந்து குப்பென்று சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது மடல் வரை ஏறியது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டேன். இரண்டு மூன்று நிமிடம்தான், அப்புறம் வேர்வை குளிர்ந்து நடுக்கம். சேலத்து வெயிலை இனி குறை சொல்ல முடியாது.

மாதவிலக்கும் தாறுமாறு. 20 நாளில் ஒரு தரம், பிறகு இரண்டு மாதம் ஒன்றுமில்லை, வந்தால் கட்டி கட்டியாக. வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். சின்ன நார்க்கட்டி ஒன்று இருந்தது. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துடலாம்." பழைய பீரோவை வெளியே தள்ளுகிற மாதிரி! என் வீட்டுக்காரர் "எவ்வளவு ஆகும்?" என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒரு தாளில் இப்படி: "நாப்கின் 9. நெல்லிக்காய் அளவு கட்டி. 2.10க்கு விழிப்பு, 4 வரை தூக்கமில்லை. மகள்மேல் சும்மாவே எரிந்து விழுந்தேன்."

மூன்று மாதத் தாள்களைக் கிளிப் போட்டு, அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். "இது பெரிமெனோபாஸ்ம்மா. மாதவிலக்கு நிக்கறதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஹார்மோன் ஏறி இறங்கும்" என்றார். 45 தாண்டியவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பொதுவாக ஹார்மோன் டெஸ்ட் தேவையில்லையாம். இன்று ஓர் அளவு காட்டும், அடுத்த வாரம் வேறு அளவு. ஆனால் தைராய்டு கோளாறிலும் படபடப்பும் வேர்வையும் வரும் என்று அதைப் பார்க்கச் சொன்னார். அது சரியாக இருந்தது. ஹீமோகுளோபின்தான் குறைந்துபோய் 8.4. படபடப்புக்கு அதுவும் ஒரு காரணம். ரத்தப்போக்கு அதிகம் என்பதால் கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வரும்வரை வயிற்றில் புளி கரைத்தது. ஒன்றுமில்லை.

இரும்புச்சத்து மாத்திரை, போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரிக்குப் புரோஜெஸ்டிரோன். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் உள்சவ்வு தடித்துவிடும் என்பதால் இரண்டும் சேர்த்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்ததுண்டா என்று துருவிக் கேட்ட பிறகுதான் எழுதினார். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுத்தார்களே என்று மெடிக்கலில் வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

மூன்றாவது வாரம், விழித்துப் பார்த்தால் மணி ஐந்தரை.

"எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு ஆஸ்பத்திரி போனா?" என்று ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்த அத்தை, ஒரு நாள் நான் ஜெல் தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இப்படித்தான் எரியும். ராத்திரி எந்திரிச்சுப் போயி கிணத்தடிக் கல்லுல படுத்துக்குவேன். யாருகிட்டச் சொல்றது?"