கறுப்பு வெள்ளையில் பார்த்து நட்ட பாத்தி

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் 24 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. ஆனியில் சாரல் விழுந்ததும் நர்சரிக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி வந்து நட்டேன். செம்பருத்தி, குரோட்டன்ஸ், கல்வாழை, இட்லிப்பூ, நந்தியாவட்டை என்று 16 வகை. எல்லாமே பிழைத்துக்கொண்டன. ஆனால் வாசலில் நின்று பார்த்தால் கண் எங்கேயும் நிற்கவில்லை.

ஆடியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போயிருந்தேன். கேரளத்துக்காரர்கள் வண்டி போட்டு வந்து படம் எடுக்கும் அதே சூரியகாந்தி வயல்தான். ஒரே பூ, ஒரே மஞ்சள், பின்னால் நீலமாய் மலை. மஞ்சள் கிட்டே வருகிறது, நீலம் தள்ளிப் போகிறது. ஓவியத்தில் தூரம் காட்டுவதும் இப்படித்தான். இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கல் (1843–1932) ஓவியம் படித்தவர், பார்வைக் குறையால் தோட்டக்கலைக்கு வந்தவர். தன் வீட்டு நீளப் பாத்தியில் இரண்டு முனைகளிலும் நீலம், வெளிர் நிறங்கள். நடுவில் சிவப்பும் ஆரஞ்சும் என்று அமைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து 16 வகையை 6 ஆக்கினேன். மீதியெல்லாம் பக்கத்து வீட்டு மதினிக்கு. வைத்துக்கொண்டதை மூன்று, ஐந்து என்று கூட்டம் கூட்டமாக நட்டேன். இரண்டு செடி என்றால் கண் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போய்விடும். மூன்றானால் கூட்டமாகவே பார்க்கும். இட்லிப்பூ மட்டும் மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வரும். கல்வாழையை ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாய்த்துவிட்டது, அதைக் கிணற்றடிக்கு மாற்றினேன்.

கண் போய் நிற்க வேண்டியது செம்பருத்தி. நட்டநடுவில் வைக்காமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, கேட்டிலிருந்து 8 அடியில் வைத்தேன். பூ கை அகலம், ரத்தச் சிவப்பு. அப்படியும் தெருவிலிருந்து பார்த்தால் எடுபடவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் சார், "கண்ணைச் சுருக்கிப் பாருடே" என்பார். சுருக்கிப் பார்த்தேன், பூவைக் காணோம். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தேன். பூவும் இலையும் ஒரே சாம்பல்! நிறம் எதிரெதிராக இருந்தாலும் வெளிச்ச அளவு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான். அந்தி மங்கினால் இன்னும் மோசம், சிவப்புதான் முதலில் கறுத்துப்போகிறது.

அப்புறம் ஆவணியில் செம்பருத்திக்குப் பின்னால் மஞ்சள் இலை டுராண்டா மூன்று வைத்தேன். நந்தியாவட்டையைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். மறுபடி கறுப்பு வெள்ளைப் படம். வெளுத்த இலைக்கு முன்னால் பூ ஒவ்வொன்றும் கறுப்பு வட்டமாகத் தெளிந்து நின்றது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேனோ!

செம்பருத்திக்கு முன்னால் 3 அடியைச் சும்மா விட்டிருக்கிறேன், வெறும் புல். மதினிக்கு அது பொறுக்கவில்லை.

"ரெண்டு கத்தரி வைக்கலாம்லா?"

"இருக்கட்டும் மதினி. அங்க எடம் இருந்தாத்தான் பூ எடுப்பாத் தெரியும்."

இப்போது டுராண்டாவின் மறுபக்கத்துக்கு டிசம்பர் பூ ஐந்து கன்று சொல்லி வைத்திருக்கிறேன். மஞ்சளுக்கு நேரெதிர் நிறம் ஊதா. கறுப்பு வெள்ளையிலும் ஒன்று வெளுப்பு, ஒன்று இருட்டு. மார்கழியில் பூக்கும்.