குழாய்க்கு மேல் குடியிருப்பு

கனடாவுக்கு வந்த முதல் வாரம், கிடங்கு வேலையில் எல்லோரும் ‘கேஸ் விலை, கேஸ் விலை’ என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மின்சார அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு சிலிண்டர் விலையைப் பற்றி என்ன கவலை என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே கேஸ் என்றால் பெட்ரோல் என்று தெரிய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நானும் தலையை ஆட்டி, உச்சுக்கொட்டி, ஊரோடு ஒத்துப் புலம்பியிருக்கிறேன்.

அது 2017 நவம்பர். வான்கூவரை ஒட்டிய பர்னபி நகரத்தில், ஃபாரஸ்ட் குரோவ் பகுதியில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியேறினோம். பின்னால் மலை, சுற்றிலும் தேவதாரு, மலை உச்சியில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம். சரிவில் மரங்களுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பெரிய தொட்டிகள் தெரிந்தன. நம் ஊரில் மேட்டில் தொட்டி கட்டினால் அது குடிநீர்தானே? அப்படித்தான் நானும் நினைத்தேன். “நல்ல இடம், தண்ணீர்ப் பஞ்சம் வராது” என்று அப்பாவுக்குப் போனிலும் சொல்லிவிட்டேன்.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர், டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற பஞ்சாபிப் பெரியவர், இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். அது கச்சா எண்ணெய். 1953இலிருந்து அல்பர்ட்டா மாகாணத்து எட்மன்டனில் புறப்பட்டு, ராக்கி மலைகளைக் கடந்து, ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர் குழாயில் வந்து இந்தத் தொட்டிகளில் விழுகிறது. போதாது என்று ‘டிரான்ஸ் மவுன்டன்’ விரிவாக்கம் என்ற பெயரில் இரண்டாவது குழாயும் போடப்போகிறார்கள். நாளுக்கு 3 லட்சம் பீப்பாயாக இருப்பது 8,90,000 பீப்பாயாகும். மலையைக் குடைந்து 2.6 கிலோமீட்டர் சுரங்கம் வரும், அதன் வழியே எண்ணெய் கடலோரத்துக் கப்பல் துறைக்குப் போகும். பதிமூன்று தொட்டிகள் இருபத்தாறாகும். “கேஸ் விலை குறையும், கவலைப்படாதே” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது விலையை நினைத்து அல்ல. குழாய் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு வரலாறு இருக்கிறது.

எங்களுக்குத் திருப்பூர் மாவட்டத்தில் ஐந்தரை ஏக்கர் தென்னை. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோகும் குழாய் எங்கள் பக்கத்து ஏழு மாவட்டங்கள் வழியாக வரும் என்றார்கள். 1962ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி பட்டா நம் பேரிலேயே இருக்கும், அனுபோக உரிமை மட்டும் குழாய்க்குப் போய்விடும். நிலத்தின் மதிப்பில் பத்து சதவிகிதம் கையில் கொடுப்பார்கள். குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் விவசாயிகள் மறித்தபோது பெரியப்பாவும் கைதானார். கைது என்றால் கல்யாண மண்டபம். மதியம் எலுமிச்சைச் சாதம், சாயங்காலம் விடுதலை. 2016இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் குழாயின் பக்கம் முடிந்தது. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

ஆகவே 2018 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஆயிரக்கணக்கானவர்கள் பறையடித்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஊர்வலமாக வந்தபோது நான் நடைபாதையில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பறை என்று கை தானாக எழுதிவிட்டது; அது பழங்குடி மக்களின் தோல் மேளம். முன்வரிசையில் ஸ்லே-வாடூத் மக்கள். ‘கடற்கழியின் மக்கள்’ என்பது அந்தப் பெயருக்குப் பொருளாம். தொட்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே தேவதாரு மரத்தில் ஒரு காவல் வீடு கட்டினார்கள். எங்கள் ஊரில் சோளக்காட்டுக்குப் பரண் போடுவதைப்போல, வருகிற ஆபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வீடு.

வேலையிடங்களுக்கு ஐந்து மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது என்று நீதிமன்றத் தடை வந்தது. வந்து நின்று கைதானவர்கள் அந்த வருடத்தில் இருநூறு பேருக்கு மேல். கிரீன் கட்சித் தலைவர் எலிசபெத் மே, எங்கள் நகரத்து எம்.பி. கென்னடி ஸ்டூவர்ட் இருவரும் அவர்களில் உண்டு. நரைத்த தலைப் பாட்டிகளைப் போலீஸ்காரர்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனதைப் பார்த்தேன். இவர்களுக்கு எலுமிச்சைச் சாதம் யார் கொடுப்பார்கள் என்று தோன்றியது. “நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், குடியுரிமை வாங்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்” என்று மனைவி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள். ஐந்து மீட்டர் என்ன, ஐந்நூறு மீட்டர் தள்ளியே நடந்தேன். அதில் எனக்கு இப்போதும் பெருமை இல்லை.

எதிர்வீட்டு அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை, 2007 ஜூலையைப் பற்றி நேற்று நடந்ததைப்போலச் சொல்வார். சாக்கடை வேலைக்குத் தோண்டிய இயந்திரம் பழைய குழாயில் இடித்து, கச்சா எண்ணெய் மரத்தின் உயரத்துக்குப் பீய்ச்சியடித்து, வீடுகளின் மேலும் தோட்டங்களின் மேலும் கருமழையாகக் கொட்டியது. வழிந்தது கடற்கழி வரைக்கும் போனது. அவருடைய தோழியின் ரோஜாச் செடிகள் அப்படியே கரியாகிவிட்டனவாம். அந்த அம்மாள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதாகையோடு போனார். கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கியவரோ அல்பர்ட்டாக்காரர். 2014க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்தபோது அங்குள்ள எண்ணெய் நகரமான ஃபோர்ட் மக்மர்ரியில் வேலையை இழந்து மேற்கே வந்தவர். “எங்கள் எண்ணெயை அமெரிக்காக்காரன் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறான். கடலுக்கு வழி கிடைத்தால்தான் எங்களுக்கு நியாய விலை. நீ கார் ஓட்டுகிறாய், குழாய் வேண்டாம் என்கிறாய்” என்று என்னிடம் பொரிந்து தள்ளுவார். நான் எங்கே வேண்டாம் என்றேன்? நான்தான் வாயே திறக்கவில்லையே.

இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. பழங்குடி மக்களுக்குள்ளும் ஒரே குரல் கிடையாது. குழாய்ப் பாதையில் அதனால் பயன் பெற ஒப்பந்தம் போட்டுக்கொண்ட சமூகங்கள் பல உண்டு. மாகாண அரசுகள் அடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. நாங்கள் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா எண்ணெய்க்குக் கட்டுப்பாடு கொண்டுவரப்போவதாகச் சொன்னது. பதிலுக்கு 2018 பிப்ரவரியில் அல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒயினை வாங்க மாட்டேன் என்று தடை போட்டது. காவிரிக்கு அடித்துக்கொண்ட இரு மாநிலங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இரண்டு வாரத்தில் பிசுபிசுத்துப்போன ஒயின் சண்டை பொம்மலாட்டமாகத்தான் தெரிந்தது. அந்த வருடமே மத்திய அரசு 450 கோடி டாலருக்குப் பழைய குழாயையும் திட்டத்தையும் விலைக்கு வாங்கியது. “இப்போது அது உன் குழாய், நீயும் வரி கட்டுகிறாய்” என்றார் அல்பர்ட்டாக்காரர். கட்டி முடிக்கும்போது என் குழாயின் செலவு ஏறக்குறைய 3,400 கோடி டாலர் ஆகியிருந்தது.

இதற்கிடையில் பெட்ரோல் விலை தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. 2018 வசந்தத்தில் லிட்டர் ஒரு டாலர் அறுபது சென்ட்டைத் தாண்டியது. ரூபாயில் சொன்னபோது, “சென்னையிலும் கிட்டத்தட்ட அதே விலைதானே கண்ணு, இதற்கா அங்கே போனாய்?” என்றார் அப்பா. 2022 செப்டம்பர் கடைசியில் இரண்டு டாலர் முப்பது சென்ட்டையும் தாண்டியபோது அவரும் அடங்கிவிட்டார். பக்கத்து வீட்டினர் எல்லையைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்தின் பிளேனுக்கோ பாயின்ட் ராபர்ட்ஸுக்கோ போய்க் குறைந்த விலைக்கு நிரப்பிக்கொண்டு வருவார்கள். பாயின்ட் ராபர்ட்ஸ் பெட்ரோல் பங்குகளில் கனடாக்காரர்களுக்காகவே லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும் என்பதால் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கனடா பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பயணமாகக் குடும்பத்தோடு எங்கே போனோம் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. பெட்ரோல் போடப் போனோம்.

2024 மே 1 அன்று புதுக் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அல்பர்ட்டாக்காரர் ஒரு பெட்டி டோனட் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அடுத்த நாள் காலை வீட்டுக்காரர் பங்குக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். விலை இறங்கவில்லை. அடுத்த வாரமும் இறங்கவில்லை.

காரணத்தை அவருக்கு நான் விளக்கினேன். ஆறரை வருடத்தில் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். புதுக் குழாயில் வருவது பெரும்பாலும் கப்பலேறப் போகும் கனமான கச்சா எண்ணெய். வண்டிக்கு ஊற்ற அது ஆகாது. வான்கூவர் வட்டாரத்தில் இருப்பது ஒரே ஒரு சுத்திகரிப்பு ஆலை, அதன் கொள்ளளவு நாளுக்கு 55,000 பீப்பாய். மீதித் தேவைக்கு அல்பர்ட்டாவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் சுத்திகரித்த பெட்ரோல் வந்தாக வேண்டும். அதன் மேல் வரிகள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் என்று இந்த வட்டாரத்தில் மட்டும் லிட்டருக்கு 18.5 சென்ட். பெரியவருக்குப் புரியும்படி எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால் எங்கள் காட்டை ஒட்டித்தான் ததும்பி ஓடும். ஆனால் எங்கள் மண்டலத்துக்கு முறை வரும்வரை அதில் ஒரு குடம் மொள்ள முடியாது. தண்ணீர் வேறு யாருக்கோ. அவர் பஞ்சாபில் கால்வாய்க் கரையில் வளர்ந்தவர். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

குழாய் செய்யாததை 2025 ஏப்ரல் 1 அன்று கார்பன் வரி நீக்கம் செய்தது. லிட்டருக்கு 17 சென்ட்டுக்கு மேல் வரி போயிற்று. கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த ஈட்டுத் தொகையும் நின்றது. மனைவி நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டாள். என்ன கணக்கு வந்தது என்று கேட்டதற்கு, “நீங்கள் வண்டியை எடுக்காமல் இருந்தால் லாபம்” என்றாள்.

அந்தக் கோடையில் அப்பா வந்தார். பார்னெட் கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். கப்பல் துறையில் செந்நிற அடிவயிறு தெரிய ஒரு டேங்கர் நின்றது. எண்ணெய் ஏற ஏற அந்தச் சிவப்பு தண்ணீருக்குள் இறங்கும், பிறகு இழுவைப் படகுகள் துணைக்கு வர, பாலங்களுக்கு அடியில் நுழைந்து கடலுக்குப் போகும் என்று விவரித்தேன். சீனாவுக்கு, கலிஃபோர்னியாவுக்கு, எங்கெங்கோ. அப்பா கப்பலைப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் திரும்பி நின்று, எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்று கையை நீட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“குழாய்க்கு மேலே மரம் வைக்க விடுகிறார்களா?”

“இல்லை அப்பா. புல் மட்டும்தான்.”

“இங்கேயும் அதேதானா” என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் கொஞ்ச தூரம் தனியாக நடந்து போனார்.