சிங்கத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்

போன வருஷம் இளவட்டங்களோட குரூப் பஸ் டூர்ல ஐரோப்பா. ஸ்விட்சர்லாந்துல லூசெர்ன்ல, 1792-ல பாரிஸ்ல செத்த ஸ்விஸ் காவலர்களுக்காகப் பாறையில செதுக்கின சிங்கத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். வாட்ச் கடைக்கு ஒன்றரை மணி நேரம்! நாலரை மணி நேரம் ஓட்டினா டிரைவருக்கு 45 நிமிஷம் ஓய்வு, அங்க அது சட்டம். நமக்குக் கிடைச்ச சுதந்திரமும் அவ்வளவுதான், அதுவும் பெட்ரோல் பங்க்ல.

இந்த வருஷம் தனியா, யூரெயில் பாஸ்ல (ஐரோப்பாவுல பல நாட்டு ரயிலுக்கும் ஒரே பாஸ்; 27 வயசு வரைக்கும் சலுகை). டிஜிவிங்கிற பிரான்ஸ் அதிவேக ரயில்ல, பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனிக் காசுன்னு தெரியாம பாரிஸ்ல முழிச்சது வேற கதை. ஆனா அதே சிங்கத்துக்கு எதிர்ல ரொட்டியும் சீஸுமா மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாகிற சிங்கத்தோட முகத்துல அவ்வளவு களைப்பு!

லிஃப்ட் இல்லாத ஹாஸ்டல்ல பெட்டியோட நாலு மாடி ஏறினப்போ மட்டும் அந்த பஸ் டிக்கி ஞாபகம் வந்துச்சு.